கடைசி ஆளுக்கு ஒன்றாம் நம்பர்

மணி ஐந்து பத்து. சங்கரலிங்கம் தண்ணீர் குடிக்கிறார். பாட்டிலில் வாய் வைக்காமல், அண்ணாந்து, தொண்டை மட்டும் மேலும் கீழும் போய்வர, பாதித் தண்ணீர் சட்டையில். சிந்தட்டும், இந்த வெக்கைக்கு நல்லதுதான். காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. ஒரு மனிதர் எத்தனை தடவை தண்ணீர் குடித்தார் என்று எண்ணுவதற்கா அரசாங்கம் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் திரையில் பன்னிரண்டு கட்டங்கள், பன்னிரண்டு வாக்குச்சாவடிகள், எல்லாமே பதற்றமானவை என்று பட்டியல் போட்டு வைத்தவை. கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் என்னைப் போல நாற்பது பேர், நாற்பது திரைகள். எங்கேயாவது தள்ளுமுள்ளு, கைகலப்பு, கும்பல் என்று கண்ணில் பட்டால் மேசைமேல் கிடக்கும் சிவப்பு அட்டையைத் தூக்க வேண்டும். தாசில்தார் மைதீன் சார் ஓடி வந்து பார்ப்பார், கையில் இருக்கும் மைக்கில் பூத் எண்ணைச் சொல்வார், அந்தச் சாவடிக்குப் பக்கத்தில் எங்கேயோ நிழலில் நிற்கும் போலீஸ் வண்டி சீறிக்கொண்டு கிளம்பிவிடும். அவ்வளவுதான் வேலை. பரீட்சை ஹாலில் நிற்பதைவிடச் சுலபம் டீச்சர் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். பரீட்சை ஹாலில் என் புருஷன் உட்கார்ந்து எழுதியதில்லையே. மேல் வரிசையில் மூன்றாவது கட்டம், பூத் எண் நூற்றுப் பதினேழு, பூவாணிக்குளம் தொடக்கப்பள்ளி. அங்கே தலைமை அலுவலர் (பி.ஓ.) நாற்காலியில் சட்டை நனைய உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர். காலையில் கட்டம் வெளிச்சமானதும் இவர் முகம் தெரிந்தபோதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொந்தக்காரர் யாரும் உங்கள் கட்டத்தில் இருந்தால் இடம் மாற்றிவிடுவோம் என்று மைதீன் சார் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தேன் என்று பத்து மணி நேரமாக எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருக்கிறேன், நீதிபதியும் நான்தான், தீர்ப்பு மட்டும் வரவில்லை.

இங்கே சத்தம் கிடையாது, படம் மட்டும்தான் வரும். அதனால் காலையிலிருந்து ஓர் அதிசயம் நடந்துகொண்டிருக்கிறது. சத்தம் இல்லாத திரையில் அவருக்குத் திக்குவாய் இல்லை. ஏஜென்ட்டுகளிடம் பேசுகிறார், ஒரு பெரியவரின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறார், யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரிக்கிறார். எல்லா ஆம்பிளைகளையும் போல ஓர் ஆம்பிளை. பதினான்கு வருஷத்தில் இப்படி அவரைப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் வீட்டில் அவர் வாயைத் திறக்கும்போதே என் காது முன்னால் ஓடிப்போய் நின்றுகொள்ளும், எந்த எழுத்தில் தடுக்கப்போகிறது என்று. ப, த எல்லாம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடும். 'க' தான் அவருக்குச் சனி. வந்தால் வாசலிலேயே நின்றுவிடும், உள்ளேயும் வராது வெளியேயும் போகாது. "சங்கரலிங்கத்துக்குக் கோமதி, பேர்ப் பொருத்தமே போதுமே, சாதகம் எதுக்கு?" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் அத்தை ஆவுடைத்தங்கம் ஊரைக் கூட்டிவிட்டாள். மாப்பிள்ளைக்கோ அந்தப் பேரைச் சொல்ல முடியாது. கல்யாணமாகி ஒன்பதாம் நாள்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டார், 'மதி' என்று. கூடப் படித்தவளெல்லாம், எவ்வளவு ஆசையாக் கூப்பிடுதாரு பாருட்டி என்று பெருமூச்சு விட்டாள்கள். ஆசையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, கோ வராது, அதுதான். அப்புறம் ஆசையும் வந்தது, அது வேறு விஷயம். இப்போது மேல் வரிசை மூன்றாவது கட்டத்தில் படம் உறைந்துவிட்டது. நெட்வொர்க் தொல்லை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இப்படித்தான், நடுவில் ஒரு வட்டம் சுற்றும், கை பாதி தூக்கியபடி மனிதர்கள் பொம்மைகளாக நிற்பார்கள், பிறகு திடீரென்று விட்ட இடத்துக்கு அப்பால் போய் நடப்பார்கள். நடுவில் போன நிமிஷம் எங்கே போகுமோ. முதல் தடவை உறைந்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன், இப்போது பழகிவிட்டது, இருந்தாலும் வட்டம் சுற்றும்போது மூச்சை விடுவதில்லை.

இந்த வேலைக்கு அவர் வந்திருக்கவே வேண்டாம். விலக்குக் கேட்டு எழுதும் படிவம் ஒன்று இருக்கிறது. நான்தான் வாங்கினேன், நான்தான் நிரப்பினேன், பேச்சுக் குறைபாடு என்று அழகான கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள் 'சிறு வயது முதல்' என்று வேறு போட்டு, மேசைமேல் வைத்தேன், கையெழுத்து மட்டும் அவர் போட்டால் போதும் என்று. பார்த்தார். நான் பயந்த மாதிரி கிழிக்கவில்லை, கத்தவில்லை. மடித்தார், இன்னும் ஒரு தடவை மடித்தார். "நான் வாயத் தொறந்தா நீ உள்ள பூந்து முடிச்சிருத மதி. நல்லதுக்குத்தான், தெ-தெரியும். ஆனா வலிக்கு." அவ்வளவுதான் சொன்னார். நான், "பூவாணிக்குளம் பூத்துல போன தடவ என்ன நடந்துச்சுன்னு தெரியும்லா? பி.ஓ.வுக்கு நெத்தியில ஏழு தையல். சாயங்காலம் டோக்கன் குடுக்கைல நீங்க நிமிஷத்துல பேசணும், பேச முடியாட்டா கூட்டம் நிக்குமா?" என்று கேட்டேன். "எங்க பி-பிள்ளைங்க நிக்கும். ஊரும் நிக்கும்." அவர் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் பூவாணிக்குளத்து ஆட்களும் ஒன்றா என்று நான் கேட்கவில்லை, முகத்தில் வைத்துக்கொண்டேன், அதுவே அவருக்குக் கேட்டுவிட்டது. முந்தாநாள் முழுக்க ரசம் ஊற்றட்டுமா, போதும், இந்தப் பேச்சுதான். அந்தப் பிள்ளைகளை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொண்டு போனேன், ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பலகையில் என்னவோ படம் வரைந்து வைத்திருந்தார், சொல்ல வந்தார், தடுத்துவிட்டது. க. பிள்ளைகள் பாட்டுக்கு இருந்தார்கள். ஒருத்தி பென்சில் சீவினாள், ஒருத்தன் முழங்கால் பொருக்கை உரித்தான், யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவசரப்படவில்லை, மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்கிற மாதிரி இருந்தார்கள். நான்தான் தாங்கமாட்டாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கறையான்!" என்று கத்தினேன். முப்பது தலைகள் திரும்பின. அவர் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, பாத்திரத்தைக் கீழே போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "அது க-கறையான் இல்ல டீச்சர், கண்ணாடி விரியன்" என்று பின்னால் ஒரு சின்னது சொன்னது. படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை நான். சார் மாதிரியே திக்கிச் சொல்கிறதே என்று கண் கலங்கிப்போய்த் தூக்கை வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஐந்து முப்பத்தைந்து. பக்கத்து நாற்காலி ஜெபசீலி, யூனியன் ஆபீஸில் வேலை, "அக்கா, எனக்குக் கண்ணுக்குள்ள பூச்சி பறக்கு" என்கிறாள். எனக்கும் பறக்கிறது. கண்ணைக் கசக்கினால் அந்த ஒரு நொடியில் எதுவும் நடந்துவிடுமோ என்று கசக்காமல் வைத்திருக்கிறேன். கையை அட்டைமேல் வைத்து வைத்து எடுக்கிறேன். அந்த அட்டை எனக்குப் பிடிக்காது. போன தேர்தலிலும் இதே அரங்கு, இதே வேலை, வேறு பன்னிரண்டு கட்டங்கள். சாயங்காலம் ஒரு கட்டத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திடீரென்று ஓட ஆரம்பித்தார்கள். தலையைக் கையால் மூடிக்கொண்டு, பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நாலா பக்கமும். கல்லெறிகிறார்கள் என்று நினைத்தேன். வேறு எதை நினைப்பது? தூக்கிவிட்டேன் அட்டையை. வண்டி போனது. போலீஸ்காரர்களுக்கு ஓடுகிற கூட்டம்தான் தெரிந்தது, ஓடுகிறவன் தப்பு செய்தவன் என்று அடித்தார்கள். மழை. வெறும் கோடை மழை. திடீரென்று கொட்டிவிட்டது, நனையாமல் ஒதுங்க ஓடினார்கள். கேமராவில் மழை தெரியாது, தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்தில் விளக்கு இல்லாவிட்டால் மழை தெரியவே தெரியாது. நெல்லையப்பன் என்று ஒருத்தர், வாழைத்தார் சுமக்கிறவர், வலது மணிக்கட்டு உடைந்தது. பேப்பரில் நாலு வரி வந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னீங்க டீச்சர், உங்க டியூட்டி என்றார்கள். நான் மட்டும் கரும்பலகையில் கணக்குப் போடும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறேன், எவ்வளவு லேசாகத் திரும்புகிறது என்று. ஒரு நாள் பஸ் ஏறி அவர் ஊர் வரைக்கும் போனேன். வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் இடது கையால் ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். யாரும்மா, என்ன வேணும் என்று கேட்டார். பஸ் ஸ்டாப் எங்கே இருக்கு அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் வந்து இறங்கினவள் பஸ் ஸ்டாப்புக்கு வழி கேட்டால் அவர் என்ன நினைத்திருப்பார். அதனால் இன்றைக்கு அட்டையைத் தூக்கினால் என் புருஷன் இருக்கும் இடத்துக்குத் தடியோடு பத்துப் பேர் போவார்கள், தூக்காவிட்டால் ஏழு தையலோ எட்டுத் தையலோ. இரண்டு பக்கமும் மனுஷர்கள்தான், இரண்டு பக்கமும் மணிக்கட்டுகள்தான். கணக்கு டீச்சர் நான், இந்தக் கணக்கு மட்டும் எனக்கு விடை வரமாட்டேன் என்கிறது.

ஐந்து ஐம்பது. இரண்டு லோடு ஆட்டோக்கள் வந்து நிற்கின்றன. நூற்றுப் பதினேழில் இரண்டு கேமரா, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே வேப்பமரத்தில் வராந்தாவைப் பார்த்தபடி, இரண்டும் ஒரே கட்டத்தில் பாதிப் பாதியாக வரும். வராந்தாவுக்கு இடுப்பளவு கைப்பிடிச் சுவர், அதனால் வரிசையில் நிற்பவர்களுக்குத் தலையும் தோளும் மட்டும்தான், கால் இல்லாத ஜனங்கள். முன்னால் நிற்பதெல்லாம் தெற்குத் தெருப் பெண்கள், நாலரை மணியிலிருந்து நிற்கிறார்கள், ஒருத்தி தோளில் பிள்ளை தூங்குகிறது. ஆட்டோவிலிருந்து குதிக்கிறவர்கள் வடக்குத் தெரு ஆண்கள், செங்கல் சூளையிலிருந்து நேராக வருகிறார்கள், தலையெல்லாம் செம்மண் தூள். இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் கோயில் கொடைத் திருவிழாவிலிருந்து கிணற்று வாளி வரைக்கும் தகராறு என்று மைதீன் சார் காலையிலேயே சொன்னார். ஆறு மணிக்குத்தான் வம்பு. ஆறு அடித்ததும் வரிசையில் யார் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட்டு எண் போட்ட சீட்டுக் கொடுக்க வேண்டும், சீட்டு வைத்திருப்பவர் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம். ஆனால் சீட்டை முன்னாலிருந்து கொடுக்கக் கூடாது. முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டே போனால் பின்னால் ஆட்கள் வந்து ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் வால் பக்கமிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசி ஆளுக்கு ஒன்றாம் நம்பர், அதற்கு முன்னால் நிற்பவருக்கு இரண்டு, அப்படியே முன்னுக்கு. ஓட்டுப் போடுவது என்னவோ பழைய வரிசைப்படிதான், முன்னால் நிற்பவர்தான் முதலில். நம்பருக்கும் முறைக்கும் சம்பந்தமே இல்லை. இதை ஊரில் யாருக்குத் தெரியும்? ரேஷன் கடையில் ஒன்றாம் நம்பர் டோக்கன் என்றால் முதல் ஆள், ஆஸ்பத்திரியில் ஒன்றாம் நம்பர் என்றால் முதல் ஆள், இங்கே மட்டும் கடைசி ஆள் என்றால் யார் நம்புவார்கள்? போன தடவை முன்னால் நின்றவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள், அவனுவளுக்கு ஒண்ணாம் நம்பரா, நாங்க என்ன இளிச்சவாயனுவளா என்று நாற்காலி பறந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயம். கடைசியில் நிற்கிறவருக்குத்தான் ஒன்றாம் நம்பர், ஆனால் ஓட்டு முதலில் உங்களுக்குத்தான். நேற்றுக் காலையில் கிளம்புமுன் குளியலறைக்குள்ளிருந்து அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. க. க. க. க. எந்தப் புண்ணியவான் அந்த வாக்கியத்துக்கு முதல் எழுத்தாகக் 'க'வை வைத்தானோ. இறுதியில் என்று சொல்லுங்களேன், பின்னால் என்று சொல்லுங்களேன் என்று கதவைத் தட்டிச் சொல்லப்போனேன். தட்டவில்லை. அது ஒன்றுதான் இந்த வாரத்தில் நான் செய்த நல்ல காரியம், இப்போது அதற்கும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறு. அரங்கு முழுக்க நாற்காலிகள் முன்னால் நகர்கின்றன. அவர் எழுந்து வராந்தாவுக்கு வருகிறார், கையில் சீட்டுக் கத்தை, பின்னால் ஒரு போலீஸ்காரர், மீசைகூடச் சரியாக வராத வயது. வரிசையின் வாலுக்குப் போகிறார். கடைசி ஆள், தலையில் துண்டு கட்டினவன், சீட்டை வாங்கிப் பார்க்கிறான், சிரிக்கிறான். உயர்த்திக் காட்டுகிறான், பாவி, எதற்குக் காட்டுகிறாய், மடித்துச் சட்டைப்பையில் வையேன். ஒன்றாம் நம்பர் என்று விரலைக் காட்டுகிறான். முன்னால் தெற்குத் தெருத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. பச்சைச் சேலை கட்டின ஒருத்தி வரிசையிலிருந்து வெளியே வருகிறாள், கையை நீட்டிப் பேசுகிறாள். அவள் என்ன பேசுகிறாள் என்பதற்கு எனக்குச் சத்தம் தேவையில்லை. இன்னும் இரண்டு பேர் வெளியே வருகிறார்கள். பின்னால் துண்டு கட்டினவனும் நாலு பேரும் முன்னே வருகிறார்கள். நடுவில் அவர். இரண்டு கையையும் லேசாக உயர்த்துகிறார், வாயைத் திறக்கிறார். திறந்த வாய் திறந்தபடி நிற்கிறது. தாடை முன்னுக்கு வந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, அப்படியே. படம் உறைந்துவிட்டதா? நெட்வொர்க்கா? கடவுளே, நெட்வொர்க்காக இருக்கட்டும். வட்டம் சுற்றவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டிருந்தவளைப் பார்க்கிறேன், அவள் கை பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறது, மெதுவாக, தட்டிக்கொண்டே இருக்கிறது. படம் ஓடுகிறது. நிற்பது அவர்தான். என் வாய் இங்கே, எழுபது கிலோமீட்டர் தள்ளி, "கடைசி, கடைசி, கடைசியில நிக்கிறவங்களுக்கு" என்று முணுமுணுக்கிறது. "என்னக்கா?" என்று ஜெபசீலி என் திரையை எட்டிப் பார்க்கிறாள். பச்சைச் சேலைக்காரியின் விரல் அவர் முகத்துக்கு நேராக இருக்கிறது. இளம் போலீஸ்காரரின் கை லத்திக்குப் போகிறது. வேண்டாம் தம்பி, எடுத்துவிடாதே, நீ எடுத்தால் முடிந்தது. என் கை அட்டைமேல். தூக்கினால் நான் அவர் வாக்கியத்தை முடித்துவைக்கிறேன், பத்துத் தடியை வைத்து முடிக்கிறேன். தூக்காவிட்டால், தூக்காவிட்டால் நான் என்ன பெண்டாட்டி. அட்டையின் ஓரம் விரலை அறுக்கிறது.

அப்போது தலைகள் காணாமல் போகின்றன. முதலில் அவருடையது. பிறகு பச்சைச் சேலை. பிறகு நாலு, பத்து, வாலிலிருந்து தலைவரைக்கும் எல்லாம், கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு தலைகூட இல்லை. வெறும் சுவர். சுவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து ஆத்திசூடிப் பலகை. "அக்கா, ஆளையே காணோம்!" ஜெபசீலி தன் அட்டையை உயரத் தூக்கிவிட்டாள். மைதீன் சார் வயிறு குலுங்க ஓடி வருகிறார், மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, "எது? எது? நூத்திப் பதினேழா? எங்கம்மா ஆளுவ? விழுந்துட்டானுவளா? வெடிய கிடிய போட்டுட்டானுவளா?" நான் அந்தக் கடைசி நொடியைத்தான் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் தலை கீழே போவதற்கு முன்னால் முழங்கை இரண்டும் வெளியே மடங்கின. தோள் ஓர் இம்மி உயர்ந்தது. பிறகுதான் இறங்கினார், நேராக, மெதுவாக. பதினான்கு வருஷம் ஒருவரோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு அது தெரியும். "சார், சொல்லாதீங்க!" தாசில்தாரின் மைக் பிடித்த கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். அரங்கு திரும்பிப் பார்க்கிறது. "உக்காந்திருக்காங்க சார். விழல. எல்லாரும் தரையில உக்காந்திருக்காங்க." "உமக்கு எப்படிம்மா தெரியும்? கைய விடும்." "பி.ஓ. பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கிட்டார் சார். உக்காருறதுக்கு முன்னால, ரெண்டு தொடையிலயும் இப்படி. அடிபட்டு விழுறவங்க பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கிட்டா சார் விழுவாங்க?" மைதீன் சார் என் முகத்தைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார். "வண்டி தயாரா நிக்கட்டும்" என்று மைக்கில் சொல்கிறார், "ரோட்டு முக்குலயே. உள்ள போக வேண்டாம். நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தனும் எறங்கப்பிடாது." அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போன தடவ மழை" என்கிறார். அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு நாளும் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வெறும் சுவர். நாங்கள் மூன்று பேர் ஒரு வெறும் சுவரைப் பார்க்கிறோம். ஒருவேளை தப்பாகப் பார்த்துவிட்டேனோ. நான் பார்க்க விரும்பியதைத்தான் பார்த்தேனோ. மழையைக் கல்லெறியாகப் பார்த்தவள்தானே நான். பத்து வரைக்கும் எண்ணுகிறேன், பத்து வந்ததும் இன்னொரு பத்து. இருபத்தாறில் போலீஸ்காரரின் தொப்பி சுவருக்கு மேலே எழும்புகிறது. குனிகிறது, நிமிர்கிறது, ஓர் அடி முன்னே வருகிறது, மறுபடி குனிகிறது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து முட்டை போடுகிற மாதிரி. சீட்டுக் கொடுக்கிறார், வாலிலிருந்து. அப்படியென்றால் அவர் சொல்லிவிட்டாரா? இல்லை, சொல்ல வராமல், வேறு வழியில்லாமல், தானே தரையில் உட்கார்ந்துவிட்டாரா, நாலரை மணியிலிருந்து கால் கடுத்து நின்றவர்கள், சாரே உக்காந்துட்டாரு நமக்கென்ன என்று உட்கார்ந்தார்களா? உட்கார்ந்துவிட்டால் முன்னால் இருப்பவள் முன்னால்தான், பின்னால் இருப்பவன் பின்னால்தான், யார் யாரைத் தாண்ட முடியும்? உட்கார்ந்த பிறகு அந்த வாக்கியம் எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? அரை நிமிஷமா, ஒரு நிமிஷமா? அவ்வளவு நேரமும் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் பேசாமல் இருந்து கேட்டதா? எனக்குத் தெரியாது. சுவர் மறைத்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பச்சைச் சேலைக்காரி எழுந்திருக்கிறாள், சேலைத் தலைப்பை உதறுகிறாள், உள்ளே போகிறாள். உள் கேமராவில் வருகிறாள், விரலை நீட்டுகிறாள், மை வைக்கிறார்கள். முதல் ஆள், நாற்பத்தேழாம் நம்பரோ ஐம்பதாம் நம்பரோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கப் பார்த்தேன், அது பாட்டுக்கு வந்தது.

மைதீன் சார் நகரவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். "டீச்சர், பேன்ட் விஷயம் சரி. ஒரு மனுஷன் தோளத் தூக்குறத வச்சு, பேன்ட்டத்தான் தூக்குதாருன்னு எனக்குத் தெரியாது, இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. உமக்கு எப்படித் தெரிஞ்சுது?" காலையில் இரண்டு தடவை கேட்டார், இது மூன்றாவது. "என் வீட்டுக்காரர் சார்." திட்டுவார் என்று நின்றேன். மெமோ கொடுப்பார் என்று நின்றேன். "காலையிலயே சொல்லிருக்கணும்லா?" "ஆமா சார்." "நீர் சரியா பாத்தீரு. ஆனா தப்பாப் பாத்திருந்தாலும் இதே மாதிரிதான் என் கையப் பிடிச்சிருப்பீரு. இல்லையா?" இல்லை என்று சொன்னால் பொய், ஆமாம் என்று சொன்னால் இவ்வளவு நேரம் இங்கே உட்கார்ந்திருந்ததற்கு அர்த்தம் இல்லை. அன்றைக்கு நெல்லையப்பன் வீட்டு வாசலில் நான் நின்ற மாதிரியே நின்றேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. "ஆமா சார்" என்றேன் கடைசியில். "நாலாவது வரிசை, ஏழாம் நம்பர் நாற்காலி இப்பத்தான் காலியாச்சு. அங்க போங்க. இத அந்தப் பிள்ளையே சேத்துப் பாத்துக்கும்." கைப்பையை எடுத்துக்கொண்டேன். மேல் வரிசை மூன்றாவது கட்டத்தில் சுவருக்கு மேலே இன்னும் அவர் தலை எழும்பவில்லை. அவர் எழுந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேனே என்று கேட்கலாம். கேட்டால் மைதீன் சார் சரி என்றுதான் சொல்வார், அப்படிப்பட்ட மனிதர். கேட்கவில்லை. "நான் பாத்துக்கிடுதேன்கா" என்றாள் ஜெபசீலி, என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தபடி, அவள் பூச்சி பறக்கிற கண்களோடு.

நாலாவது வரிசையில் வேறு பன்னிரண்டு கட்டங்கள். முகம் தெரியாத ஊர்கள், முகம் தெரியாத ஆட்கள். உட்கார்ந்ததும் எதுவும் மனசில் பதியவில்லை, கண் பன்னிரண்டிலும் மூன்றாவது கட்டத்தையே தேடியது, அங்கே ஒரு மொட்டைச் சுவரும் நாயும்தான் இருந்தன. பிறகு அடி வரிசையில் ஒரு கட்டம். மலையடிவாரத்தில் ஏதோ பள்ளிக்கூடம். அங்கே தலைமை அலுவலர் ஒரு பெண், என் வயசு இருக்கும், ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் கால்மேல் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. அவள் மேசையைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள். ஒருவன் மேசையில் கையை ஊன்றிக் குனிந்து பேசுகிறான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, கையெழுத்துப் போடுகிறாள். தலை நிமிராததற்குக் காரணம் பயமா, தைரியமா, தூரப்பார்வைக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டாளா, எனக்குத் தெரியாது. இவள் வாயைத் திறந்தால் எந்த எழுத்தில் தடுக்கும், பயந்தால் கை எங்கே போகும், உட்காருமுன் சேலையை எப்படிச் செருகுவாள், எதுவும் தெரியாது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் எங்கேயோ ஒரு வீட்டில் உலை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த அரங்கில் அவளுக்கு யாரும் இல்லை. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.